நொண்டாமல் நடந்த கடைத்தெரு

அப்பா,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அந்தச் சொல் இல்லாமலே தொடங்குகிறேன்.

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து புளியும் கல்லுப்பும் சேர்ந்து கொதிக்கிற வாசனை வந்தது. ரசம் வைத்தாலும் குழம்பு வைத்தாலும் அந்த வாசனை வருவதில்லை. வீக்கத்துக்குப் பத்துப் போடக் கிண்டும்போது மட்டும்தான் வரும். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். கணுக்கால் இருக்கும் இடமே தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அட, ஒண்ணுமில்லீங்க டீச்சர். சுளுக்குதான். பாருங்க, நல்லாத்தான் நடக்கறேன்" என்று சுவரைப் பிடித்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நடந்து காட்டாதீங்க!"

அப்படிக் கத்தியது நான்தான். இந்தத் தெருவில் அதிர்ந்து பேசாதவள் என்று எனக்குப் பெயர். அந்த அம்மா பயந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் கத்தியது அவரைப் பார்த்து இல்லை. உங்களைப் பார்த்து. முப்பது வருஷம் தாமதம்.

எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெரம்பலூர். எனக்கு இங்கே வேலை கிடைத்ததும் நீங்கள் சொன்னது, "போயும் போயும் வெங்காய ஊருக்கா?" கடைசிவரை நீங்கள் என் வீட்டில் ஒரு வேளை கை நனைக்கவில்லை. அரியலூர்க்காரருக்கு அதில் ஒரு கௌரவம். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்ததில்லை.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இரண்டு ஊரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. ஒரே மாவட்டத்துக்குள் இருந்துகொண்டு, ஒரு ஹாக்கிக் கோப்பைக்காக இவர்களும் அவர்களும் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் ஏதோ எல்லைத் தகராறு என்றே வெளியூர்க்காரன் நினைத்திருப்பான். நம் ஊரில் ரயில் நின்றது, அவர்கள் ஊரில் தண்டவாளமே கிடையாது. அதனால் நமக்கு அவர்கள் 'ரயில் பாக்காத பயலுவ'. நம் ஊர் மண்ணெல்லாம் சுண்ணாம்புக்கல், மைதானத்தில் விழுந்து எழுந்தால் முழங்கால் வெள்ளையாகும். அதனால் அவர்களுக்கு நாம் 'வெள்ளையடிச்ச பயலுவ'. நீங்கள் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர். அந்த ரயிலை நீங்களே ஓட்டி வந்து ஊரில் நிறுத்தியது போலப் பேசுவீர்கள்.

நம் வீட்டுக்கும் ஹனீபா பாயின் தையல் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். மாலையில் மெஷின் ஓய்ந்ததும் அங்கே கூட்டம் சேரும். நீங்கள், பாய், சோடாக்கடை ரத்தினம், இன்னும் போகிறவர் வருகிறவர். சுழற்கோப்பை ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் அம்மா உங்களுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். ஸ்டடி லீவுக்குத் திருச்சி விடுதியிலிருந்து வந்திருந்த நான், விலங்கியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவர் வழியே உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"நம்ம லெஃப்ட் பேக்குக்குக் காய்ச்ச விட்டுருச்சா?"

"விட்டுருச்சு பாய். காலையில ரெண்டு இட்லி தின்னான்."

"ரெண்டுதானா? அப்ப விடல. விட்டுருந்தா எட்டு திம்பான்."

"அவங்க கோல்கீப்பருக்கு விரல் பிசகிருச்சாமே?"

"யாரு சொன்னா?"

"பெரம்பலூர் பஸ் கண்டக்டரு."

"அப்பப் பொய்யி. சொல்லச் சொல்லித்தான் சொல்றான். அந்தக் கோலி நல்லா இருக்கான், எழுதி வச்சுக்க."

இதுதான் உங்கள் கலை. செமி ஃபைனலுக்கு முந்தைய வாரத்தில் எந்த ஊரும் தன் காயத்தை உண்மையாகச் சொல்லாது. அடிபட்டவனை மறைக்க வேண்டும், அடிபடாதவனுக்குக் கட்டுப் போட்டு வெளியே அனுப்ப வேண்டும். எதிர் ஊர்க்காரன் நல்ல கையைக் குறிவைத்து ஏமாற வேண்டும். இதை யோசித்து யோசித்து நீங்கள் எல்லோரும் வெற்றிலையை மென்று துப்புவீர்கள். ஆடுகிறவர்கள் பதினொரு பேர். அவர்களுடைய கை, கால், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் உங்களுக்கு ஆட்டத்தின் காய்கள்.

பிறகு அந்தக் காய்களில் ஒன்று அண்ணனின் முழங்கால் ஆனது.

செல்வம் அண்ணன் சென்டர் ஹாஃப். முன்னால் ஓடுகிறவர்களுக்கும் பின்னால் தடுப்பவர்களுக்கும் நடுவே ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இடம். காலிறுதி ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், கல்லில் பட்டு எகிறிய பந்து வலது முழங்காலில் அடித்தது. இருட்டும்வரை அவரை மைதானத்தின் ஓரத்திலேயே உட்கார வைத்திருந்தீர்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. விளக்கு வைத்த பிறகு சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, காலைத் துண்டால் மூடிக் கொண்டுவந்தீர்கள். துண்டை எடுத்ததும் அம்மா பார்த்தாள். உள்ளே போய்ப் புளியைக் கரைத்தாள்.

நான் தொட்டுப் பார்த்தேன். முட்டிச் சில்லின் மேல் விரல் பட்டதும் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"அப்பா, இது சுளுக்கு இல்ல. காலையில முதல் வண்டிக்குத் திருச்சி கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுங்க."

நீங்கள் கதவைப் பார்த்தீர்கள். திறந்திருக்கிறதா என்று. "மெதுவாப் பேசு. ஸ்டேஷன்ல எல்லாரும் பாப்பாங்க."

"பாத்தா என்னப்பா?"

"பாத்தா பெரம்பலூருக்குச் சேதி போயிரும்."

அப்பா, அந்த ஸ்டேஷன் உங்களுடையது. போர்ட்டர் முதல் டீ விற்கிறவர் வரை உங்களை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். சிமெண்ட் மூட்டை, வெற்றிலைக் கூடை, யார் யாருடையதோ சைக்கிள் எல்லாவற்றையும் பத்திரமாகத் திருச்சிக்கு ஏற்றி அனுப்பியவர் நீங்கள். உங்கள் மகனின் காலை மட்டும் ஏற்றவில்லை.

மறுநாள் தையல் கடையில் உங்கள் ஆலோசனை நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. டீ கொண்டுபோகிற சாக்கில் உள்ளே போய், எலும்பில் விரிசல் இருந்தால் ஓடும்போது பிளந்துவிடும் என்று சொன்னேன். ரத்தினம் டீயை வாங்கிக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, காலேசுல தவளய அறுத்துப் படிச்சவ, எங்க சென்டர் ஹாஃப் காலப் பத்திச் சொல்ல வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். 'எம் பொண்ணு திருச்சியில படிக்குது' என்று பார்சல் கட்ட வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவர் நீங்கள். படித்ததை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

"அந்தக் கால நம்பி வேற ஒண்ணும் இருக்கு பாய். அடுத்த மாசம் அண்ணனுக்குப் போலீஸ் செலக்‌ஷன். உயரம், மார்பளவு தேறிட்டாரு. ஓட்டம் மட்டும் பாக்கி" என்றேன். பாய் மட்டும் ஒரு கணம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். உங்களைப் பார்த்தார்.

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. ஞாயித்துக்கிழமை செமி ஃபைனலுக்கு நாள் கெடக்கா?" என்றீர்கள் நீங்கள்.

அதோடு கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

திட்டம் உங்களுடையதுதான் என்று பிறகு தெரிந்தது. கோல் காக்கிற பையன், எந்த அடியும் படாதவன், அவன் கைக்குப் பெரிய கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்க விட்டீர்கள். பாய்தான் காடாத் துணி கிழித்துக் கொடுத்தார். அண்ணன் சனிக்கிழமை மாலை, சந்தைக் கூட்டத்தில், கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நொண்டாமல் நடக்க வேண்டும். ரத்தினத்தின் சோடாக்கடையில் பெரம்பலூர் வெங்காய மண்டிக்காரர் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வந்து உட்காருவார். அவர்தான் அவர்களுடைய கண் என்று உங்களுக்கு எண்ணம். அவர் எதிரில் நின்று, ஒரு பூசணிக்காயை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வர வேண்டும்.

"முடியுமாப்பா?" என்று நீங்கள் கேட்டபோது அண்ணன் உங்கள் முகத்தைப் பார்த்தார். "முடியும்ப்பா" என்றார். அவர் உங்களிடம் 'முடியாது' என்று சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டீர்கள்.

அம்மா பத்தைச் சுரண்டி எடுத்துக் காலைத் துடைத்துவிட்டாள். "ஏங்க, புள்ள கால் கொதிக்குதுங்க" என்றாள். "வாசன வரக்கூடாது, நல்லாத் தொடை" என்றீர்கள்.

அவர் முன்னால் நடந்தார். நீங்கள் சற்றுத் தள்ளிப் பின்னால், யாரோ போல. நான் வாசலில் நின்று பார்த்தேன். சந்தைக் கூட்டத்தில் அவருடைய தலை ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போனது. நொண்டுகிறவனின் தலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதை அவர் கழுத்தை விறைத்துப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

திரும்பி வந்து பூசணிக்காயை வைத்தவர் வாசல் நடையில் அப்படியே சரிந்தார். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்து, பிழியலாம் போலிருந்தது. நான் தண்ணீர் எடுக்க ஓடும்போது நீங்கள் உள்ளே வந்தீர்கள். உங்கள் முகத்தை நான் மறக்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் முகம்.

"பாத்தியா? எப்படி நடந்தான் பாத்தியா! கால்ல ஒண்ணுமே இல்ல!"

"நீங்கதானப்பா அப்படி நடக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா ஒண்ணு இருந்தா நடக்க முடியுமா? நீயே சொல்லு."

அந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் மேல் பயம் வந்தது. எதிரியை ஏமாற்றச் சொன்ன பொய்யை எதிரி நம்பினானோ என்னவோ, நீங்கள் நம்பிவிட்டீர்கள். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, தெரு முடிவதற்குள் நம்பிவிட்டீர்கள். உங்கள் கையாலேயே துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்த கால் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஹனீபா பாய் கோல் பையனைக் கேட்டார், மெய்யான கவலையோடு: "கை எப்படிடா இருக்கு? பந்து புடிப்பியா?" அந்தக் கட்டுத் துணியைக் கிழித்தவரே அவர்தான். அந்தப் பையனும், "இப்பப் பரவால்ல பாய்" என்றான். அண்ணனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குத்தான் ஒன்றும் இல்லையே.

ஆட்டத்துக்கு நான் வரவில்லை. இடைவேளை வரை அண்ணன் ஆடியதாகவும், அதுபோல் அதற்குமுன் ஆடியதில்லை என்றும் சொன்னார்கள். இடைவேளைக்குப் பின் பந்தைத் தடுக்கத் திரும்பியவர் விழுந்தார். அந்த வழியாகவே அவர்கள் உள்ளே போய்க் கோல் போட்டார்கள். ஒன்று பூஜ்யம். உங்கள் கோப்பை போயிற்று.

கட்டிலில் அவரைக் கிடத்திவிட்டு நீங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்று பேசினீர்கள். ஆலோசனையில் கூடவே இருந்த ரத்தினத்தின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

"கால் சரியில்லன்னா முன்னாடியே சொல்லணும்ல? மறச்சு வச்சுக்கிட்டு எறங்கினா? நடுவுல ஆளில்லாமப் போச்சு. ஊரு மானத்த வாங்கிட்டான்ண்ணே."

நான் ஜன்னலோரம் நின்றேன், அப்பா. நீங்கள் பதில் சொல்வதற்காகக் காத்து நின்றேன். 'மறைச்சது நான்தான்டா' என்று ஒரு வார்த்தை. அண்ணனும் கட்டிலிலிருந்து அதையேதான் கேட்க முயன்றுகொண்டிருந்தார். கண் மூடியிருந்தாலும் காது வாசலில் இருந்தது. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னமோ போ, நேரம்" என்றீர்கள்.

நேரம்.

திங்கட்கிழமை முதல் வண்டியில் திருச்சிக்குப் போனோம். இப்போது யார் பார்த்தாலும் பரவாயில்லை. அடிபட்ட அன்றே மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்திருந்தால் விரிசல் தானாகக் கூடியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது சில்லு இரண்டாகப் பிரிந்து, சுற்றியிருந்த தசைநாரும் கிழிந்திருந்தது. நீங்கள் டாக்டரிடம், "நல்லா நடந்தானே சார், நாங்க பாத்தோமே" என்றீர்கள். அவர் உங்களை விட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்கதானே" என்றார். உங்களுக்குக் கிடைக்க வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரே ஒருவர் அண்ணனைப் பார்க்க வந்தார். பெரம்பலூர் வெங்காய மண்டிக்காரர். கையில் ஒரு பை சின்ன வெங்காயம். நீங்கள் பார்சல் ஆபீசில் இருந்தீர்கள். அதனால் இது உங்களுக்குத் தெரியாது. அண்ணன் சொல்ல வேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "தம்பி, அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார். "மாட்டுச் சந்தையில நொண்டி மாட்ட விக்கிறவன், மூக்கணாங்கயித்த இறுக்கிப் புடிச்சு விறுவிறுன்னு நடத்திக் காட்டுவான். மாடும் நடக்கும். வேர்வையப் பாத்தாத்தான் தெரியும். உன் சட்ட நனஞ்சு கெடந்துச்சு. எங்க பசங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேன், 'டேய், அந்தச் சென்டர் ஹாஃபோட வலது காலுக்கு ஒருத்தனும் போகக் கூடாது, கோப்ப போனாப் போவுது'ன்னு. யாரும் மோதலியேப்பா?"

"இல்லீங்க. நானாத்தான் விழுந்தேன்" என்றார் அண்ணன்.

"எதுக்கு எறங்குன? உங்கப்பாவுக்குத் தெரியாதா?"

அண்ணன் வெங்காயப் பையைப் பார்த்துக்கொண்டே, "தெரியாதுங்க" என்றார்.

கடைத்தெரு முழுக்க ஒரு காலைப் பார்த்தது. சரியாகப் பார்த்தது நீங்கள் 'வெங்காயம்' என்று காறித் துப்பிய ஊர்க்காரர் ஒருவர். எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தபோது ஏன் மறுபேச்சில்லாமல் வந்தேன் என்று நீங்கள் பலமுறை கேட்டீர்கள். காரணம் இதுதான்.

போலீஸ் ஓட்டத்துக்கு அண்ணன் போகவில்லை. சிமெண்ட் லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் உட்காருகிற வேலை கிடைத்தது. இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நீங்களோ அந்தக் கதையை வளர்த்துக்கொண்டே போனீர்கள். கல்யாணப் பந்திகளில், கோயில் திருவிழாவில், என் மாமனார் வீட்டில்கூட. "எம் பையன் முட்டி ஒடஞ்ச காலோட கடைத்தெருவுல நொண்டாம நடந்தான். எவனும் கண்டுபுடிக்கல!" கதையில் நீங்கள் எங்கே நடந்தீர்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிப்பார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். 'இவளுக்கு எதுலயும் ஒரு ஒட்டுதல் இல்ல' என்பீர்கள்.

போன தை மாதம் உங்களை எடுத்தோம். அண்ணனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, ஆட்டோவில் முன்னால் போகட்டும், சுடுகாட்டு வாசலில் கொள்ளிச்சட்டியைக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தது நான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணனும் தலையாட்டினார். பாடை எழுந்ததும் ஆட்டோவைத் தாண்டிப் போய்க் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டார்.

கடைத்தெரு வழியாகத்தான் போனது ஊர்வலம். நான் தெருமுனை வரை வந்து நின்றேன். பறைச் சத்தத்துக்கு நடுவே, முன்னால் அவருடைய நரைத்த தலை ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போனது. கழுத்து விறைத்திருந்தது. அண்ணன் தினமும் எடைமேடைக்கு நொண்டிக்கொண்டுதான் போகிறார், ஊரே பார்க்க. அன்று நொண்டவில்லை. என் பக்கத்தில் கம்பை ஊன்றி நின்ற ஹனீபா பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா, தம்பி கால்ல ஒண்ணுமே இல்ல" என்றார். அந்த வயதிலும், அந்த இடத்திலும், நம்பிவிட்டார்.

மாலையில் அண்ணன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் பானை போல் இருந்தது. அண்ணி அடுப்பில் புளி வைத்திருந்தார். அதை இறக்கச் சொல்லிவிட்டு நான் அவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே? யாருக்கு நடந்து காட்டுன? இப்ப எந்த ஊர்க்காரன் பாக்கறான்?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, சின்னப் பிள்ளை தவறு செய்துவிட்டுச் சொல்வது போல் சொன்னார்:

"அப்பா பின்னால வந்துக்கிட்டு இருந்தாருல்ல."

அவர் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டார், அப்பா. மன்னிக்க ஏதாவது இருந்தது என்றுகூட அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அது அவர் கால், அவர் இஷ்டம். என்னிடம் இருப்பது வாசலில் நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை. நீங்கள் இருந்தவரை, என்றாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இனிச் சொல்ல முடியாது என்ற பிறகும் காது வாசலிலேயே இருக்கிறது.

இப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு ஆட்டோ திரும்பி வந்தது. காலில் மாவுக்கட்டு. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அந்த அம்மா என் ஜன்னலைப் பார்த்து, "எலும்புல கீறலாம் டீச்சர், ஆறு வாரம் அசையக் கூடாதாம்" என்று குறை சொல்வது போல் சொல்லிவிட்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, ஊரே பார்க்க உள்ளே போனார்.

பார்த்துக்கொண்டே நின்றேன். நொண்டுவதைப் பார்ப்பது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?